மூன்று பெட்டிப் பாடமும் ஒரு ஜீப் சீட்டும்

1

மூன்றாவது பெட்டி தபாலில் வந்த அன்று வாசலில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பெட்டியை நான் உள்ளே இழுத்து வைப்பதற்குள் என் மகள் மகிழினி கேட்டுவிட்டாள்.

"இதுவும் ஸ்பெல்லிங்தானே?"

"ஸ்பெல்லிங்கும் ரைட்டிங்கும் சேர்ந்தது. முந்தின ரெண்டையும்விட இது நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க, மகி."

"எல்லாரும்னா யாரு?"

ஒன்பது வயதுக்காரிக்குப் பெயர் சொல்லிக் காட்ட என்னிடம் ஆளில்லை. இணையத்தில் முகம் தெரியாத முப்பது நாற்பது அம்மாக்கள் எழுதியதை எல்லாம் படித்து, ஓர் அட்டவணை போட்டு, மதிப்பெண் கொடுத்து, கூட்டிப் பார்த்து வாங்கிய பெட்டி அது. நான் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை செய்கிறவள். எதையும் வரிசையாக எழுதிக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும்.

நாங்கள் இருப்பது கனடாவின் மேற்கே, சமவெளியில் ஒரு சிறு நகரம். மளிகைக் கடை ஒன்று, ஆணி, பெயிண்ட் விற்கும் கடை ஒன்று, தபால் அலுவலகம் ஒன்று. என் கணவர் செந்தில் காற்றாலைகளைப் பழுது பார்க்கிறார். பத்து நாள் வெளியே, நான்கு நாள் வீட்டில். அவருடைய வேலை இடம் மாற மாற நாங்களும் மாறியதில், மகி இரண்டு வருடத்தில் மூன்று பள்ளிகளைப் பார்த்துவிட்டாள். மூன்றாவது பள்ளியில் ஒருநாள், தான் எழுதியதை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். வகுப்பே சிரித்தது. அதன்பிறகு பென்சிலைப் பிடிப்பாள், எழுத மாட்டாள். அதனால்தான் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தோம். இங்கே அதற்குச் சட்டப்படி இடமுண்டு. ஆறு வயது ஆதிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அவன் சுவரிலும் எழுதுவான்.

இதை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது என் அண்ணன் முருகேசனுக்குப் புரியவே இல்லை. அவர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறார்.

"இன்னாம்மா சொல்ற? அந்த ஊர்ல பள்ளிக்கூடமே இல்லியா? எங்க மலையிலியே கீதே!"

"இருக்குதுண்ணா. நாங்கதான் அனுப்பல."

"சேத்துக்க மாட்டேன்னுட்டாங்களா? நான் வேணா வந்து பேசட்டா?"

2

வீட்டில் சொல்லிக்கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதற்கு முன்னால் படிவங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு கட்டத்தில் 'உங்கள் கல்வித் தத்துவம்' என்று கேட்டிருந்தார்கள். நான் மூன்று வரி எழுதினேன். படிக்கத் தெரிய வேண்டும். எழுதத் தெரிய வேண்டும். புரியாததைக் கேட்கத் தெரிய வேண்டும். 'தயவுசெய்து விரிவாக எழுதவும்' என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்றரைப் பக்கத்துக்கு ஊதிப் பெருக்கி அனுப்பினேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்து, மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியை வருடத்தில் இரண்டு முறை வீட்டுக்கு வருவார். எங்களுக்கு வாய்த்தவர் லின். அறுபதை நெருங்கியவர். தனக்கு வேண்டிய தேயிலைப் பொட்டலத்தைத் தானே கைப்பையில் கொண்டுவந்து, வெந்நீர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அக்டோபரில் முதல் முறை வந்தபோது, கணக்கு நோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அறிவியல் நோட்டில் மகி வரைந்திருந்த காற்றாலைப் படத்தைப் பார்த்து இன்னும் சந்தோஷப்பட்டார். பிறகு எழுத்துப் பயிற்சி நோட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் தேதி இருந்தது. தேதிக்குக் கீழே ஒன்றுமில்லை. முப்பது பக்கம் அப்படியே.

லின் நோட்டை மெதுவாக மூடினார். "மார்ச்சில் மறுபடி வருவேன். அப்போதும் இப்படியே இருந்தால், செப்டம்பரிலிருந்து பள்ளிக்கு அனுப்பச் சொல்லி நான் எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் இருக்க முடியாது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் கனமாகத் தெரிந்தது. மகி இருந்த அடுத்த அறையின் கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. 'எழுத்தில் கூடுதல் வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது' என்று ஒரு வரி. அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். அதன் பக்கத்தில் என் திட்டத்தை ஒட்டினேன். பெட்டிகள் வரத் தொடங்கின.

முதல் பெட்டி எழுத்துக்கூட்டலை விதிகளால் சொல்லித்தருவது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு காந்த வில்லை. வில்லைகளை நகர்த்தி நகர்த்திச் சொல் அமைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே ஒலியைப் பல விதமாக எழுதுகிறார்கள் அல்லவா, அதற்கெல்லாம் அதில் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நானே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் நகர்த்தினேன். மகி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது, நல்ல பத்திகளைப் பார்த்து எழுதவும், சொல்லக் கேட்டு எழுதவும் வைப்பது. மகி ஒரு வாரம் எழுதினாள். கையெழுத்து திருந்தியது. "இத எழுதினவங்க ஏற்கெனவே எழுதிட்டாங்களே, நான் எதுக்கு?" என்று நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதுதான் பனியில் வந்த பெட்டி. நூற்றுக்கணக்கான அட்டைகள், அட்டைக்கொரு தலைப்பு. முதல் அட்டையை எடுத்தேன். 'நீ ஒரு பென்சிலாக இருந்தால் உன் ஒரு நாள் எப்படி இருக்கும்?'

மகி அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பாள்.

"நான் பென்சில் இல்லையே."

"சும்மா ஒரு கற்பனைதான் மகி."

"எழுதினா யாரு படிப்பாங்க?"

"நான் படிப்பேன்."

"நீ படிக்க மாட்டம்மா. டிக் போடுவ."

3

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் கூப்பிட்டார். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். நான் மூன்று பெட்டிகளின் கதையையும் சொன்னேன். எந்தெந்தப் பாடத்திட்டத்தில் எது நிறை, எது குறை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் சாப்பிட்டபடியே கேட்டார்.

"அல்லாம் சரி. இதுல எது பெல்ட்டு மாதிரி ஆவாது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நான் எதிலாவது தவறும்போதெல்லாம் எழும் கேள்வி இது. பதினெட்டு வருடமாக விடாமல் கேட்கிறார்கள்.

எங்கள் மலையில் பேருந்து குறைவு. ஜீப்தான் கீழே போய் மேலே வரும். கீழே ஏதாவது வேண்டுமென்றால் ஆள் போகத் தேவையில்லை, ஒரு சீட்டு எழுதி ஜீப் டிரைவரிடம் கொடுத்தால் போதும். மருந்து, பம்பு வால்வு, ரவிக்கைக்கு உள்துணி, அச்சடிக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை, எல்லாமே சீட்டில் போகும். காலை ஜீப்பில் சீட்டு போனால் சாயங்கால ஜீப்பில் பொருள் வரும். டிரைவர் சீட்டுகளை எல்லாம் கண்ணாடிக்கு மேலே ரப்பர் வளையத்தில் செருகி வைப்பார். அப்போது மலையில் போனில் சிக்னல் கிடையாது. கடைக்காரருக்குச் சந்தேகம் வந்தால் கேட்க வழியில்லை. சீட்டில் இருப்பதுதான் வரும்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம். அண்ணன் அந்த மார்கழியில்தான் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் ஊர் மில்லில் பெல்ட் அறுந்துவிட்டது. ஊரில் இருக்கும் சாமையெல்லாம் அந்த மில்லில்தான் உமி நீங்கி அரிசியாக வேண்டும். மில்லுக்காரர் சின்னதம்பி என்னைத் தேடி வந்தார்.

"பாப்பா, நீதான் நல்லா எழுதுவியாமே. ஒரு சீட்டு எழுதிக் குடு."

மில்லிலேயே உட்கார்ந்து எழுதினேன். பள்ளியில் கடிதம் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்குகிற பெண் நான். 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கினேன். எங்கள் ஊர் மக்களின் சிரமத்தை நான்கு வரியில் உருக்கமாக விளக்கினேன். 'ஆகவே, மில்லுக்கான பெல்ட் ஒன்று கொடுத்தனுப்புமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தேன். அடியில் கோடு போட்டேன். பெல்ட்டின் அளவை எழுதவில்லை. அறுந்த பெல்ட் என் காலடியில்தான் கிடந்தது. அதன் முதுகில் எண் அச்சிட்டிருந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

திருப்பத்தூர்க் கடைக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா எழுதிக்கீறாங்க. எந்த சைசுப்பா?" என்று அண்ணனைக் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கொடுத்தார். சாயங்காலம் மாட்டிப் பார்த்தால் ஒரு சாண் குட்டை. மறுநாள் கீழே கடை மூடிவிட்டார்கள். பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளும் ஊர்ப் பெண்கள் உரலை உருட்டி வந்து சாமையைக் கையால் குத்தினார்கள். எதிர்வீட்டு வள்ளியம்மா அக்கா என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"உன் கையெழுத்து அழகா கீதாம்டி. இந்தா, எங்க கையப் பாரு."

இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

என் வேலைக்கு எந்தக் கல்லூரியில் படித்தேன் என்று கேட்பவர்களுக்குக் கல்லூரிப் பெயரைச் சொல்வேன். ஆனால், நாம் எழுதியதைப் படிக்கிற ஆள் அங்கே தனியாக நிற்பார், அவர் கையில் இந்தத் தாள் மட்டும்தான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அந்தக் கொப்புளத்தைப் பார்த்த அன்றுதான்.

"இன்னாம்மா, லைன்ல கீறியா?" என்றார் அண்ணன்.

"இருக்கேண்ணா. நான் அப்புறம் கூப்பிடறேன்."

4

நான் என்ன செய்திருப்பேன் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். மகி சீட்டு எழுத ஒரு படிவம் தயாரித்தேன். பொருள், அளவு, நிறம், எண்ணிக்கை, காரணம் என்று ஐந்து கட்டம். பத்துச் சீட்டு எழுதினால் ஒரு நட்சத்திரம். மகி எழுதிய முதல் சீட்டில் நான்கு எழுத்துப்பிழை. சிவப்பு மையில் சுழித்தேன்.

"இதுவும் பாடமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

ஒரு மில்லை நிறுத்தியவள், ஒரு பிள்ளையையும் நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனாவை எடுத்துச் செந்திலின் கருவிப் பெட்டியில் போட்டேன்.

டிசம்பர் மாதத்தில் ஜீப் தானாக வந்தது. தன் மாமாவுக்கு ஜீப் பொம்மை ஒன்று செய்து தர வேண்டும் என்று மகிக்குத் தோன்றியது. மே மாதம் நாங்கள் ஊருக்குப் போகிறோம், அப்போது கையில் கொடுக்க. அட்டையும் மரக்குச்சியும் வீட்டில் இருந்தன. நீலப் பெயிண்டும் பசையும் இல்லை. இங்குள்ள கடையில் அவள் மனதிலிருந்த நீலம் கிடைக்கவில்லை. செந்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் பெரிய நகரம் ஒன்று வரும்.

"அப்பாகிட்ட போன்ல சொல்லேம்மா."

"காற்றாலை மேலே ஏறினா போன் எடுக்க மாட்டார். எழுதிக் குடு. போட்டோ எடுத்து அனுப்பறேன். நான் படிக்கல."

உண்மையிலேயே படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டே படமெடுத்தேன். செந்திலிடம் மட்டும் தனியாகச் சொல்லிவைத்தேன். எழுதியிருப்பதை வாங்குங்கள், ஊகித்து வாங்காதீர்கள்.

அவர் இதை அளவுக்கு மீறி ரசித்துவிட்டார். 'நீலப் பெயிண்ட், பசை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை வந்தவர், சுவருக்கு அடிக்கும் வெளிர்நீலப் பெயிண்ட் ஒரு பெரிய டப்பாவும், தரைக்கு ஓடு ஒட்டும் பசை ஒரு வாளியும் இறக்கினார்.

"அப்பா! இத வெச்சு நான் இன்னா பண்றது?"

அந்த 'இன்னா' அவள் மாமாவிடமிருந்து தொலைபேசி வழியாக வந்தது. எனக்குள் ஒரு சின்னக் குதூகலம்.

"மேடம், நான் வெறும் டிரைவர். சீட்டுல இருந்தது வந்துருக்கு" என்றார் செந்தில்.

மகி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அரைமணி நேரம் கழித்து ஒரு தாள் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அரைப் பக்கம். கோபத்தில் பென்சில் அழுந்தி, பின்பக்கத்திலும் எழுத்துத் தடவினால் தெரிந்தது. பசை அட்டையோடு மரத்தை ஒட்ட, விரல் அளவுக் குழாயில் வேண்டும். பெயிண்ட் சிறு டப்பா போதும். நீலம் நம் வீட்டுக் குப்பைத் தொட்டி மூடியின் நீலம், அதைவிட வெளுப்பாக ஒரு துளிகூடக் கூடாது. சந்தேகம் இருந்தால் மூடியைக் கழற்றிக் காரில் எடுத்துப் போகவும்.

செந்தில் அதை இரண்டு முறை படித்தார். என்னிடம் நீட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது காரின் பின்சீட்டில் குப்பைத் தொட்டி மூடி இருந்தது.

5

அதன்பிறகு குளிர்காலம் முழுக்கச் சீட்டு போனது. சக்கரம், கம்பி, ஆதிக்கு ஒரு பந்து ('எகிறக் கூடாது, கண்ணாடி ஏற்கெனவே ஒன்று போய்விட்டது'). வேலை முடிந்த சீட்டுகளைச் செந்தில் திருப்பிக்கொண்டு வருவார். அவற்றை ஒரு கோட் மாட்டியின் கம்பியை நிமிர்த்திக் குத்தி வைத்தோம், ஊரில் கடைக்காரர்கள் பில்லைக் குத்தி வைப்பதுபோல.

ஜனவரியில் ஒரு சீட்டு பொருள் இல்லாமல் திரும்பியது. கடைப்பெண்ணால் ஒரு சொல்லைப் படிக்க முடியவில்லை, அதைச் சுழித்துப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தாள். மகி அதை வெகுநேரம் பார்த்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அலமாரியைத் திறந்து முதல் பெட்டியை இறக்கினாள்.

"அம்மா, இந்த வார்த்தைக்கு ரூல் இருக்கா?"

இருந்தது. வில்லைகளை நகர்த்தினோம். அன்றிலிருந்து தினம் பத்து நிமிடம் அந்தப் பெட்டி. சொற்கள் பெட்டியிலிருந்து வருவதில்லை, சீட்டிலிருந்து வரும். என் அட்டவணையில் அது இரண்டாம் இடத்தில் இருந்த பெட்டி. மற்ற இரண்டையும் தபாலில் திருப்பினேன். பென்சில் அட்டையை மட்டும் ஆதி தர மறுத்தான். அவனுக்குப் பென்சிலாக இருப்பதில் ஆட்சேபம் இல்லை.

தமிழும் சீட்டில்தான் ஏறியது. ஜீப்பின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று படத்தில் தெரியவில்லை என்று மாமாவுக்கு எழுதினாள். எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. படமெடுத்து அனுப்பினேன். அண்ணன் குரல் பதிவு அனுப்பினார்.

"மகி குட்டி, சீட்டு வந்து சேந்துச்சி. பின்னாடி ஏணி கீது, மூணு படி. கம்பி ரெண்டு. எத்தினி பேரு தொங்குவாங்கன்னு கேட்டுக்கிற. இன்னாம்மா நீ, ஆர்டிஓ ஆபீசு ஆளா? சந்தை நாள்ல ஆறு பேரு. வெளிய சொல்லாத."

மகி ஆறு பேரையும் களிமண்ணில் செய்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பிறர் முன்னால் அவள் இன்னும் வாசிப்பதில்லை. தமிழில் அரைப்பக்கம் எழுத அரைநாள் ஆகிறது. லின் எதிர்பார்ப்பது சீட்டுகளை அல்ல, கட்டுரைகளை என்ற பயமும் எனக்கு இருந்தது. பிப்ரவரி கடைசியில், கட்டுரை ஒன்றாவது எழுதச் சொல்லலாமா என்று மூன்று முறை வாயெடுத்தேன். மூன்று முறையும் ஏதாவது காய் நறுக்கப் போய்விட்டேன்.

6

மார்ச்சில் லின் வந்தார். பூட்ஸின் பனியைத் தட்டிவிட்டு, தேயிலைப் பொட்டலத்தை எடுத்தார். மகி வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். கதவைப் பாதி திறந்தபடி விட்டாள்.

"எழுத்து நோட்டு?" என்றார் லின்.

"நோட்டு இல்லை" என்று சீட்டுக் கம்பியை மேசையில் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியிலிருந்து தொடங்கினார். 'நீலப் பெயிண்ட், பசை' என்ற மூன்று சொல். அடுத்து அந்த அரைப் பக்கம். குப்பைத் தொட்டி மூடியில் வந்தபோது அவர் தோள் குலுங்கியது. ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், மேலே வந்தார். தமிழ்ச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, நான் திருப்பிக் கொடுத்ததும் "இது யாருக்கு?" என்றார். "ஜீப் ஓட்டும் என் அண்ணனுக்கு" என்றேன். அவர் தேநீர் ஆறிப்போனது.

கம்பியின் உச்சியில் எனக்குத் தெரியாத ஒரு சீட்டு இருந்தது. காலையில்தான் குத்தியிருக்க வேண்டும். மேலே 'லின் அவர்களுக்கு' என்று இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

'உங்கள் அறிக்கை எங்கள் குளிர்பெட்டியில் ஐந்து மாதமாக இருக்கிறது. கூடுதல் வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு கூடுதல்? எத்தனை பக்கம்? எந்த வகை? யார் படிப்பதற்கு? அளவு எழுதாவிட்டால் சரியான பொருள் வராது. எங்கள் அம்மா ஒருமுறை பெல்ட்டுக்கு அளவு எழுதவில்லை, ஊரே கையால் தானியம் குத்தியது. அடுத்த முறை தயவுசெய்து தெளிவாக எழுதவும். மகிழினி.'

எழுத்துப்பிழை இரண்டு இருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

பெல்ட் கதையை அவளுக்கு நான் சொன்னதில்லை. அண்ணன் வேலை.

லின் அந்தச் சீட்டை இரண்டாம் முறை படித்தார். பிறகு பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தார். கூப்பிடவில்லை, வாசிக்கச் சொல்லவில்லை. பேனாவை எடுத்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார். அறிக்கைத் தாளிலும் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் நகர்த்தினார். 'வீட்டுக் கல்வி தொடரலாம்' என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. மற்றது நனைந்து தெரிந்தது.

கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் மகி வெளியே வந்தாள். நேராக மேசைக்கு வந்து, அறிக்கையைத் தொடாமல் தன் சீட்டைத்தான் எடுத்துத் திருப்பினாள். லின் அவளுக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'கேட்டது: இதைப் போல ஒன்று. அளவு: இதே அளவு. வந்து சேர்ந்துவிட்டது.'

மகி அதை ஒருமுறை படித்து, கம்பியின் உச்சியில் பழையபடி குத்தினாள்.

"அம்மா, மாமாவுக்கு ஒரு சீட்டு எழுதணும். அந்த மில்லு பெல்ட்டு நம்பர் இன்னான்னு கேக்கணும்."

"எதுக்கு மகி?"

"மே மாசம் போறோம்ல. சரியான்னு நான் குனிஞ்சு பாக்கணும்."